நான் கழித்துவிட்ட ‘சாப்டியா’க்கள்

சென்ற மாதம் என் பழைய மென்பொருள் ஆபீஸ் பிள்ளைகள் என்னை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை நினைவு வைத்துக் கூப்பிடுகிறார்களே என்று நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். சிராங்கூன் ரோட்டில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. மீன் தலைக் கறி மேசைக்கு வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. எனக்கு எதிரே தர்ஷினி என்று புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று கேட்டாள்.

“ஆன்ட்டி, அந்த ‘சாப்டியா பக்’ நீங்க கண்டுபிடிச்சதா? எங்களுக்கு ட்ரெய்னிங்ல அது ஒரு டெஸ்ட் கேஸ். ரொம்ப ஃபன்னி லா!”

மேசையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். “நீங்களே ஒரு நாள் எழுதிக் கொடுங்க ஆன்ட்டி, நியூஸ்லெட்டர்ல போடுறோம்” என்றாள் தர்ஷினி. சரி என்று தலையாட்டிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. அந்தப் பெண்மேல் கோபமில்லை. அவளுக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை. முழுதும் தெரிந்த நான் எப்படிச் சிரித்தேன் என்பதுதான் உறுத்துகிறது. அதனால் எழுதுகிறேன். நியூஸ்லெட்டருக்கு இது நீளமாக இருந்தால் அவர்கள் பாடு.

என் ஆரம்ப காலத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பள்ளிக்கூடம் முடித்ததும் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். வெளிநாட்டு அழைப்பை இணைத்துக் கொடுத்துவிட்டுக் காதை எடுத்துவிட வேண்டும், அதுதான் முதல் பாடம். ஆபரேட்டர் வேலை ஒழிந்ததும் கவுன்டரில் உட்கார்ந்து போன் விற்றேன். அந்த வேலையும் போன பிறகு, நாற்பது வயதைத் தாண்டி, ஒரு மறுபயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். என் மகன் வயதுப் பையன்களுக்கு நடுவே உட்கார்ந்து மென்பொருள் சோதனை படித்தேன். நிரல் எழுத எனக்கு வரவில்லை. ஆனால் பிறர் செய்ததில் குறை கண்டுபிடிக்க எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை என்று என் வீட்டுக்காரர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வேலை கிடைத்த இடம் ஜாலான் புசாரில், கீழே குழாயும் கீலும் ஆணியும் விற்கும் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடி. சின்னக் கம்பெனி. இன்றைக்கு எல்லாருடைய வாழ்க்கையும் போனில் அரட்டையாகக் கிடக்கிறது அல்லவா? அது ஒரே இடத்தில் கிடப்பதில்லை. பழைய போனில் பாதி, புதுப் போனில் பாதி, எப்போதோ எடுத்த பேக்கப்பில் கொஞ்சம், ஊர் நம்பரில் கொஞ்சம், சிங்கப்பூர் நம்பரில் கொஞ்சம். இவை எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, தேதி வரிசையில் அடுக்கி, ஒரு சொல்லைத் தட்டினால் அது வரும் இடமெல்லாம் காட்டும் மென்பொருளைத்தான் நாங்கள் செய்தோம். அதற்கு வைத்த பெயர் எனக்குப் பிடிக்காது. இங்கே எழுதப் போவதில்லை.

தானாகச் செய்துகொள்ளத் தெரிந்தவர்கள் வீட்டிலிருந்தே செய்துகொள்வார்கள். தெரியாதவர்கள் போன்களைப் பையில் போட்டுக்கொண்டு மாடியேறி வருவார்கள். கவுன்டரில் உட்கார்ந்து பழகியவள், தமிழும் கொஞ்சம் மலாயும் பேசுவேன் என்பதால், காலையில் சோதனை வேலையும் பிற்பகலில் இவர்களைப் பார்க்கும் வேலையும் எனக்கு.

எங்கள் மேலாளர் குலசிங்கம் சார். அவருடைய தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குமாஸ்தா வேலையில் சேர்ந்த குடும்பம். ஆபீஸில் ஆங்கிலம்தான் பேசுவார்; என்னிடம் மட்டும் வீட்டுத் தமிழ். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாராவது போய் “சார், வேலை முடிஞ்சுது, நல்லா ஓடுது” என்றால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே “காட்டுங்கோ” என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து, அவரிடம் போவதற்கு முன் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே நாலு தரம் காட்டிக்கொள்வார்கள்.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு நாள் நல்ல உடுப்பில் ஒருவர் வந்தார். பெண் ஒருத்தியின் போனை மேசையில் வைத்து, இதில் உள்ளதெல்லாம் எடுத்து, குறிப்பிட்ட ஒரு பெயரைத் தேடித் தர வேண்டும் என்றார்.

“போனுக்குச் சொந்தக்காரர் எங்க?” என்று குலசிங்கம் சார் கேட்டார்.

“என் வைஃப்தான் சார்.”

“அவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

“நான் ஹஸ்பண்ட் சார், நான் கேட்டா போதாதா?”

குலசிங்கம் சார் எழுந்தார். போனை எடுத்து அந்த மனிதர் கையில் வைத்து, படியிறங்கும் வரை கூடவே போய், வாசலில் நின்று கைகூப்பிவிட்டு வந்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அந்த மனிதர் திரும்ப வரவேயில்லை.

எனக்கு அவர் போட்ட விதியும் அதே மாதிரிதான். “அடுக்குச் சரியோ எண்டு பாருங்கோ, மல்லிகா. கதை பார்க்காதேங்கோ.” அதாவது, ஒருவருடைய அரட்டையைச் சேர்த்து முடித்ததும் தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் ஓரிடம், கடைசியில் கொஞ்சம் திறந்து, தேதியும் பெயரும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். என்ன பேசியிருக்கிறார்கள் என்று படிக்கக் கூடாது. அந்த விதியை நான் மீறியதில்லை. மீறியிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று பிற்பாடு நினைத்தது உண்டு.

இனி என் கைங்கரியத்துக்கு வருகிறேன்.

இரண்டு போன்களிலிருந்து ஒரே அரட்டையை எடுத்தால் ஒரே மெசேஜ் இரண்டு தடவை வரும். அனுப்பியவர் போனில் ஒன்று, வாங்கியவர் போனில் ஒன்று. இரட்டையைக் கண்டுபிடித்து ஒன்றைக் கழிக்க வேண்டும். அனுப்பியவர், எழுத்து, நேரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் இரட்டை என்பது முதலில் இருந்த விதி. ஆனால் நேரம் காலை வாரிவிடும். ஒரு போன் சிங்கப்பூர் நேரத்தைப் போடும், ஊரில் இருக்கும் போன் அந்த ஊர் நேரத்தைப் போடும். அதனால் இரட்டைகள் தப்பித்துக்கொண்டு அப்படியே நிற்கும்.

இதோடு நம்மவர்களின் இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. தமிழ்க் குடும்பக் குழு எதையாவது திறந்து பாருங்கள். விடிந்தால் “இனிய காலை வணக்கம்”, பொழுது அடைந்தால் “இனிய இரவு வணக்கம்”, அதே சித்தப்பா, அதே செம்பருத்திப் பூ. சீனக் குடும்பங்களிலும் உண்டுதான். ஆனால் நம்மை அடிக்க முடியாது. ஒரு கல்யாண வீட்டுக் குழுவைச் சேர்த்துக் கொடுத்தபோது கல்யாணப் பேச்சைத் தேடுவதற்குள் எனக்குக் கண் பூத்துவிட்டது. நேராகக் குலசிங்கம் சாரிடம் போனேன். நாலைந்து சொல்லுக்குள் அடங்கும் குட்டி மெசேஜாக இருந்தால் நேரத்தைப் பார்க்கவே வேண்டாம், ஒரே ஆள் ஒரே சொல்லை அனுப்பியிருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடலாம் என்றேன்.

“காட்டுங்கோ” என்றார். காட்டினேன். செம்பருத்தியாக ஓடியது திரை. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கேட்டார், “நேரத்தைப் பார்க்காட்டி, இது அதேதானோ இன்னொண்டோ எண்டு எப்பிடித் தெரியும்?”

“வணக்கத்துல என்ன சார் இன்னொண்ணு இருக்கு?” என்றேன்.

நல்ல பதில் சொல்லிவிட்டதாக எனக்கு அன்றைக்குப் பெருமை. அவரும் ஒப்புக்கொண்டார். சோதனைக்கு நாங்கள் வைத்திருந்த அரட்டைகளில் அந்த விதியை ஓட்டிப் பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை. எப்படி இருக்கும்? அவையெல்லாம் எங்கள் பிள்ளைகள் சோதனைக்கென்றே உட்கார்ந்து எழுதியவை. கற்பனையாக எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வரியையும் புதிதாக எழுதுவார்கள். சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பது உயிரோடு இருக்கும் மனிதர்கள்தான். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

கலா வந்தது அதற்குப் பிறகு. புக்கிட் பாஞ்சாங்கில் இருப்பவர், பாலர் பள்ளி ஆசிரியை. அம்மா அப்போதுதான் தவறியிருந்தார். கடைசி வரை கலாவின் வீட்டில்தான் இருந்தாராம். அம்மாவின் பழைய போன், புதுப் போன் இரண்டையும் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். தம்பி முரளி சரக்குக் கப்பலில் இன்ஜினியர். அவரும் தன் போனில் இருக்கும் அம்மாவின் அரட்டையை ஃபைலாக எடுத்து கலாவுக்கு அனுப்பியிருந்தார். மூன்றையும் சேர்த்து ஆளுக்கொரு பிரதி வேண்டும் என்று கேட்டார்.

“தம்பி சாவுக்கு வந்து சேர முடியலக்கா” என்றார் கலா. “கப்பல் நடுக்கடல்ல. எடுத்து முடிச்ச அப்புறம்தான் வந்தான். சொந்தக்காரங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எனக்கும் கோவம்தான், மறைக்கல. ஆனா தினமும் அம்மாகூட மெசேஜ்ல பேசுவேன்னு சொல்வான். அது இருந்தா, அவனுக்கும் ஒரு ஆறுதல், எனக்கும் மனசு ஆறும்.”

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அந்த அரட்டைதான் முரளி என்ற மகனுக்கு இருந்த ஒரே சாட்சி. அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சேர்த்தேன். கப்பல் நேரம், சிங்கப்பூர் நேரம் எல்லாம் குழம்பிக் கிடந்தது. என் புது விதி அழகாகச் சீர்படுத்திவிட்டது என்று நினைத்தேன். தொடக்கம் பார்த்தேன், நடு பார்த்தேன், கடைசி பார்த்தேன். அடுக்குச் சரி. சேர்க்கும்போது எத்தனை உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது, எத்தனை கழிந்தது என்று மென்பொருள் கடைசியில் சொல்லும். அதைப் பார்க்காமல் மூடினேன். கழிந்தவை எல்லாம் வணக்கம்தானே என்ற நினைப்பு.

கருமாதி அன்று வரச்சொல்லிக் கலா வற்புறுத்தினார். சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா எழுதியதைப் பெரிய டிவியில் எல்லாருக்கும் காட்ட வேண்டும், இணைத்துக் கொடுக்க நீங்கள் வேண்டும் என்றார். எனக்கும் ஆசைதான். நம் வேலையை நாலு பேர் பார்க்கட்டுமே என்ற ஆசை. போனேன். சடங்கெல்லாம் முடிந்து ஐயர் கிளம்பியிருந்தார். ஹால் நிறையச் சொந்தக்காரர்கள். அம்மாவின் அண்ணன், பெரிய மாமா என்று எல்லாரும் அழைத்தவர், சோபா நடுவில். முரளி மொட்டைத் தலையோடு சுவரோரம் நின்றார். ஒல்லியான மனிதர், யாரிடமும் பேசவில்லை.

முதலில் கலாவும் அம்மாவும் பேசியதைக் காட்டினேன். “மைலோ பவுடர் தீந்துருச்சு.” “கிளினிக்குக்கு எத்தன மணிக்கு?” “வாசல்ல செருப்ப யாரோ மாத்திப் போட்டுட்டுப் போயிருக்காங்க, நீ வந்து பாரு.” பக்கம் பக்கமாக ஓடியது. எல்லாரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். அப்புறம் யாரோ சொன்னார்கள், “முரளியோடத போடுங்க.”

போட்டேன். சில வரிகள் வந்தன. ஒரு “சாப்டியா”. ஒரு “சாப்டேன்மா”. ஒரு தீபாவளி வாழ்த்து. கப்பல் கிளம்பியதாக ஒரு வரி. சிக்னல் இல்லை என்று ஒரு வரி. வருடங்கள் ஓடின, வரிகள் இல்லை. திரையை ஒருமுறை தள்ளினேன், முடிந்துவிட்டது.

“இல்லையே” என்றார் முரளி. “அம்மா தினமும் அனுப்புவாங்களே.”

“தினமுமா?” என்றார் பெரிய மாமா. “ஒரு பக்கத்துக்குக் கூடக் காணோமேப்பா. இதத்தான் தினமும் பேசுறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தியா?”

கலா என்னைப் பார்த்தார். “அக்கா, ஏதாச்சும் விட்டுப் போயிருக்குமா?”

தர்ஷினி, இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கு ட்ரெய்னிங்கில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். தெரியவில்லை, திரும்பப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சந்தேகப்படுவதற்காகச் சம்பளம் வாங்கியவள் நான். அத்தனை பேர் முன்னால், என் வேலையைப் பற்றிக் கேட்டுவிட்டார்களே என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“மூணு ஃபைலும் சேத்தாச்சும்மா. எதுவும் விட்டுப் போகல. மெஷின் பொய் சொல்லாது” என்றேன்.

முரளி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய போன் சட்டைப் பையில்தான் இருந்தது, கை அதன்மேல் போயிற்று. ஆனால் எடுக்கவில்லை. கையைக் கீழே விட்டார், வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். உண்மையாக இருந்தால் எடுத்துக் காட்டியிருக்க மாட்டாரா என்று நான் நினைத்தேன். மற்றவர்களும் அதையேதான் நினைத்திருப்பார்கள். கலா சமையலறைக்குப் போய் அழுதார். எனக்கு வடை பாயசம் எல்லாம் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வேலை நாள் காலையில் குலசிங்கம் சாரோடு கோப்பி குடித்துக்கொண்டே இந்தக் கதையைச் சொன்னேன். கதை பார்க்காதே என்று சொன்னவரிடமே கதை சொன்னேன் பாருங்கள். கடலில் போய் அம்மாவை மறந்துவிட்டு, தினமும் பேசினேன் என்று புளுகிய பிள்ளையை எப்படி எங்கள் மென்பொருள் காட்டிக் கொடுத்தது என்று, கை அசைத்து, குரல் மாற்றி, ரசித்துச் சொன்னேன். இப்போது எழுதும்போது முகம் எரிகிறது.

அவர் கோப்பியைக் கீழே வைத்தார். “எத்தனை உள்ள போனது, எத்தனை வெளியால வந்தது?”

“பாக்கல சார்.”

“காட்டுங்கோ.”

கலா இன்னும் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போடவில்லை. அதனால் எங்களிடம் இருந்த மூலப் பிரதியை அழிக்கவில்லை. திறந்தேன். கழிந்தவற்றின் எண்ணிக்கையைப் பார்த்தேன், வணக்கம் மட்டும் அத்தனை இருக்க வழியில்லை. என் விதியை அணைத்துவிட்டு, நேரங்களைக் கையால் பொருத்தி, மறுபடி சேர்த்தேன்.

சாப்டியா. சாப்டேன்மா. சாப்டியா. சாப்டேன்மா. சாப்டியா. இன்னும் இல்லமா. சாப்டியா. சாப்டேன்மா.

திரையைத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. அந்த அம்மாவுக்குத் தட்டத் தெரிந்தது அவ்வளவுதான் போலிருக்கிறது. மகள் பக்கத்தில் இருந்ததால் அவளிடம் மைலோ, செருப்பு, கிளினிக் என்று தேவை இருந்தது, எப்படியோ தட்டியிருக்கிறார். கடலில் இருக்கும் பிள்ளையிடம் கேட்க வேறென்ன இருக்கிறது? தான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதைக் கேட்டிருக்கிறார். சிக்னல் கிடைக்காத நாட்களில் அம்மாவின் வரிகள் வரிசையாகத் தனியே நின்றன. சிக்னல் வந்ததும் முரளி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் போட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் அதே பதில். நான் இரண்டு பேர் பேச்சிலும் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு மீதியை வழித்துப் போட்டிருக்கிறேன்.

குலசிங்கம் சார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. “நானும் சேர்ந்துதான் ஒப்புக்கொண்டனான், மல்லிகா” என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “ஈமெயில் வேண்டாம். நேரே போய்ச் சொல்லுங்கோ. நானும் வாறன்.”

அன்றைக்கே அந்த விதியை எடுத்துவிட்டார்கள். முன்னால் அதே விதியில் சேர்த்துக் கொடுத்த எல்லாருக்கும் அவரே தனித்தனியாகக் கடிதம் எழுதினார். பிற்பாடு அது உங்கள் டெஸ்ட் கேஸாக ஆனது. அதுவரைக்கும் நீங்கள் படித்தது சரி.

புக்கிட் பாஞ்சாங்கில் கலாவின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் திரையைத் தள்ளிக்கொண்டே போனார். எங்களைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“என்னக்கா இது” என்றார் கடைசியில். “அவன் சொன்னது நெசம்தானே. நான் கூட நம்பலையே.” இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்துவிட்டு, மெதுவாக, “எங்கிட்ட ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்ல” என்றார்.

முரளி அதற்குள் கப்பலுக்குத் திரும்பியிருந்தார். கலா உடனே மெசேஜ் அனுப்பினார், மென்பொருள் தப்பு, எல்லாம் கிடைத்துவிட்டது, மன்னித்துவிடு என்று. மறுநாள் பதில் வந்ததாக எனக்குச் சொன்னார். ஒரே சொல்: “தெரியும்.”

குலசிங்கம் சார் அதோடு விடவில்லை. “எத்தினை பேருக்கு முன்னால சொன்னனீங்களோ அத்தினை பேருக்கு முன்னால திருத்த வேணும்” என்றார். அவர்கள் எல்லாரும் மறுபடி ஒன்றாகக் கூடியது அம்மாவின் ஆண்டுத் திதிக்குத்தான். அதற்குள் குலசிங்கம் சார் வேலையை விட்டு ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். போகும் முன்பும் ஒரு முறை நினைவூட்டினார். தனியாகப் போனேன்.

படையல் முடிந்து இலை போடுவதற்கு முன் ஹால் நடுவில் நின்று சொன்னேன். என் வாழ்க்கையில் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று பேசியது அது ஒன்றுதான். முரளி சொன்னது உண்மை, அம்மா தினமும் கேட்டார், முரளி தினமும் பதில் சொன்னார், நான் போட்ட விதி அதையெல்லாம் அழித்தது, அன்றைக்குத் திரும்பப் பார்க்காமல் வாய்விட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். சொல்லி முடித்தால் பாரம் இறங்கும் என்று ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

“அட, அதெல்லாம் யாரும்மா இப்ப நெனப்புல வச்சிருக்கா?” என்றார் பெரிய மாமா. “உக்காருங்க, உக்காருங்க.” பாதிப் பேருக்கு நான் எதைப் பற்றிச் சொல்கிறேன் என்றே தெரியவில்லை. நான் உட்காரப் போகும்போது மாமா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “என்னதான் இருந்தாலும் கடைசிக் காலத்துல அவன் எட்டிப் பாக்கல, அது அதுதான்.” நான் தப்பாகச் சொன்னதை ஒரு நொடியில் நம்பியவர்கள்தான் எல்லாரும். சரியாகச் சொன்னதற்கு அங்கே இடமே இல்லை.

முரளி ஹாலில் இல்லை. கீழே வாய்டு டெக்கில், கட்டடத்தின் திறந்த கீழ்த்தளத்தில், இருப்பதாகக் கலா சொன்னார். லிஃப்டில் இறங்கிப் போனேன். கல் மேசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். தலையில் முடி வளர்ந்திருந்தது. அன்றைக்கு நான் பார்த்ததைவிட இளைஞராகத் தெரிந்தார்.

“மேல சொன்னீங்களாம்ல. அக்கா மெசேஜ் பண்ணுச்சு” என்றார். “தேங்க்ஸ்க்கா. எதுக்கு உங்களுக்குச் சிரமம்.”

“தேங்க்ஸெல்லாம் சொல்லாதீங்க முரளி. என்னால தாங்க முடியாது. அன்னிக்கு நீங்க போன எடுத்துக் காட்டியிருந்தா என் வாய் அங்கயே மூடியிருக்கும். ஏன் காட்டல? இத்தன நாளா அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.”

அவர் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.

“காட்டலாம்னுதான் கைய வச்சேன். அப்ப நீங்க மெஷின் பொய் சொல்லாதுன்னு சொன்னீங்க. நீங்க படிச்சவங்க, இதே வேலையா இருக்கிறவங்க, அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஒருவேளை தினமும்னு நான்தான் நெனச்சுக்கிட்டேனோ, எப்பவோ நாலு தடவ வந்தத நான் பெருசா நெனச்சுக்கிட்டேனோன்னு. அத்தன பேருக்கு முன்னால திறந்து, அதுலயும் இல்லன்னா? பயந்துட்டேங்க்கா. கீழ வந்து டாக்ஸில ஏறி உக்காந்த அப்புறம்தான் திறந்து பாத்தேன்.”

“இருந்துச்சுல்ல.”

“எல்லாம் இருந்துச்சு.”

“அப்பவே மேல வந்து காட்டியிருக்கலாமே.”

“எப்படிங்க்கா வர்றது?” என்றார். “அம்மா அனுப்பினாங்களா இல்லையான்னு நானே சந்தேகப்பட்டுத் திறந்து பாத்துட்டேனே. அவங்க போயி முழுசா ஒரு மாசம் கூட ஆகல. அதுக்கப்புறம் யாருகிட்ட என்னத்தக் காட்டுறது?”

அவர் குரலில் கோபம் இல்லை. என்னைக் குறை சொல்லும் எண்ணமும் அவருக்கு இல்லை; கேட்டேன், சொன்னார். மேலே இலை போட்டுவிட்டார்கள், வாங்க என்று முன்னால் நடந்தார். லிஃப்ட் வந்ததும் எனக்காகக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏறுங்கக்கா.”

நான் அடுத்த லிஃப்டில் வருவதாகச் சொன்னேன். கதவு மூடும்வரை தலையை நிமிர்த்தவில்லை.